உன் மட்டையில் நான் கட்டிய ரப்பர் பேண்டுகள்

பாப்பாவுக்கு உன் நைனா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போனதிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று நான்கு முறை போனை எடுத்தேன். நான்கு முறையும் மழையைப் பற்றியும் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்கு வசதியான பேச்சுதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். உன் அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். இன்னா எழுதுற என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. அவள் படிக்கட்டும், மாப்பிள்ளை பிரபு படிக்கட்டும், விளையாடுகிற பிள்ளையைப் பெற்றவர்கள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

அன்றைக்கு நீ காபித் தட்டை நீட்டியபோது பிரபுவின் அம்மா உன் வலது கையைப் பார்த்தார். "ஏம்மா, முட்டிகிட்ட மடங்கினாப்புலயே இருக்கே, முழுசா நீட்ட வராதா?" என்று கேட்டார். நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "அதுவா, சின்ன வயசுல மாடிப்படில உருண்டுட்டா. அதுலருந்து கொஞ்சம் அப்படித்தான்" என்றேன். உன் சின்ன வயதில் நம் வீட்டில் மாடி ஏது, படி ஏது? ஆஸ்பெஸ்டாஸ் கூரைதானே இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வயசான ஆளைக் கைபிடித்து ரோடு தாண்டிவிடுகிறவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமா அத்தை, படியில விழுந்துட்டேன்" என்றாய். எல்லாரும் காபி குடித்தோம்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் உனக்குத் தெரியாத சில இடங்கள் அதில் இருக்கின்றன. அவை என் மனசுக்குள் நடந்தவை. அவற்றை நான் சொன்னால்தான் உண்டு.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி போடுகிற ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆபீஸர்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சிமென்ட் டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதைச் சுற்றிக் கம்பி வலை. நாங்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். வலைக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும், அதில் ஆபீஸர்கள் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார்கள். ஸ்டோர்ஸ் மேனேஜரின் மனைவி புனேக்காரம்மா. கல்யாணத்துக்கு முன்னால் நிறைய விளையாடியவராம், ஆனால் இங்கே அவரோடு ஆட ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட் விளக்கை ரிப்பேர் செய்யப் போனபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பத்து வயது. அவர் உன் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் பந்தைப் போட்டார். மூன்றாவது பந்தை நீ கோர்ட் நடுவில் இருக்கும் வலையைத் தாண்டி அடித்துவிட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டி வா என்றார்.

இரண்டு வருஷம் உனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாற்றலாகிப் புனேவுக்குப் போகும்போது தன்னுடைய மட்டையை உனக்கே கொடுத்தார். பெரியவர்கள் ஆடுகிற, கனமான மட்டை. நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் நின்று ஒரு பந்தை அடித்ததும், "நைனா, இது கத்துது" என்றாய். உண்மையில் கத்தியது. ஒவ்வோர் அடிக்கும் நரம்புகள் 'டிங்ங்' என்று அதிர்ந்து, அந்தச் சத்தம் அடங்க நேரமானது. அதை நிறுத்த நரம்புக்கு இடையில் சொருகுகிற குட்டி ரப்பர் பொத்தான் ஒன்று விற்கிறது, புனேக்காரம்மா தன்னுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். சாம்பார் பார்சல், பூ, கறிவேப்பிலைக் கட்டு என்று எதிலிருந்து வந்தாலும் உன் அம்மா ரப்பர் பேண்டை எறிய மாட்டாள், குழாயில் மாட்டி வைப்பாள். அதிலிருந்து தடிமனான ஒன்றை எடுத்தேன். மட்டையின் கழுத்துக்குப் பக்கத்தில், கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழே, நடுவில் இருக்கும் இரண்டு நெட்டு நரம்புகளையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நீ மறுபடியும் அடித்தாய். 'தப்' என்றது. அவ்வளவுதான். நீ சிரித்துக்கொண்டே, "நைனா, நீ பெரிய ஆளு" என்றாய். உன் அம்மா உள்ளேயிருந்து, "என் ரப்பர் பேண்டு எங்க?" என்று சத்தம் போட்டாள்.

அதற்கு முன்பே அந்தப் புனேக்காரம்மா எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நாம் விடைபெறப் போன அன்று, குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே என்னை மட்டும் நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில், "நரம்புல ரப்பர் வைக்கிறது சவுண்டுக்கு மட்டும்தான். காதுக்கு நல்லா இருக்கும். கைக்கு அது ஒண்ணும் பண்ணாது. பொண்ணு சின்னது, பேட்டு பெரிசு. கை வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திடணும், ஓகே?" என்றார். ஓகே மேடம் என்றேன். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அவர் போன பிறகு நானே உனக்குக் கோச் ஆகிவிட்டேன். டென்னிஸ் மட்டையை வாழ்நாளில் ஒழுங்காகப் பிடித்திராத ஆள், மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ என்னையும் மீறி நன்றாக ஆடினாய். பதினான்கு வயதில், கம்பெனி ஆண்டுவிழாப் போட்டியில் ஜெனரல் மேனேஜரின் மகனை நீ தோற்கடித்த அன்று, அவர் என்னை வலைக்கு உள்ளே கூப்பிட்டார். "வாங்க, உக்காருங்க" என்று வேப்ப மரத்தடியில் ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். வலைக்கு வெளியே என் கூட்டாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்த ஜூஸை மெதுவாகக் குடித்தேன், சீக்கிரம் குடித்துவிட்டால் எழுந்து போகச் சொல்வார்களோ என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அந்த நாற்காலி. மில்லில் 'டென்னிஸ் பொண்ணோட அப்பா' என்று பேர். ஃபிட்டர் என்று கூப்பிட்டால் திரும்பாமல்கூட நடந்திருக்கிறேன். உன் ஆட்டத்தில் பாதி எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை, பாப்பா. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயிலுக்கு ரப்பர் பேண்டு வாரத்துக்கு ஒரு முறை காய்ந்து அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாகக் கட்டுவது என் வேலை. நீ மட்டையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாய், நான் கட்டுவேன். அப்படிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், உனக்குப் பதினைந்து முடிந்திருந்தது, "நைனா, கை வலிக்குது. முட்டிக்கு உள்பக்கமா" என்றாய். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "அதிர்வு கையில ஏறுது. இன்னொரு ரப்பர் பேண்டு போட்டுட்டா சரியாப் பூடும்" என்றேன். நீ நம்பினாய். ஏன் நம்ப மாட்டாய்? ஊரில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும், மிக்சி புகைந்தாலும் நம் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். எதுவாக இருந்தாலும் உன் நைனா சரிசெய்துவிடுவார் என்று பார்த்து வளர்ந்தவள் நீ.

இப்போது சொல்கிறேன், கேள். அந்த வார்த்தை பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். புனேக்காரம்மா சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். அது என் தொழில். மில்லில் தண்ணீர் பம்பு அதிர்ந்து கத்தினால், அடியில் ரப்பர் பேடு வைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நான் கத்துவேன். சத்தம் போய்விடும், உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும், ஒரு நாள் ஷாஃப்டே முறியும், முதலில் மெஷினை நிறுத்துங்கள், பிரித்துப் பாருங்கள் என்று ஷிப்ட் இன்ஜினியரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதற்காக ஒரு முறை மெமோகூட வாங்கியிருக்கிறேன். ஒரு பம்புக்காக அவ்வளவு பேசிய ஆள், உன் கைக்காக ஒரு நாள்கூட உன்னை நிறுத்தவில்லை.

ஏன் என்றால், அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு போட்டி இருந்தது. அதில் நன்றாக ஆடுகிற பெண்களை ஒரு பெரிய பள்ளி எடுத்துக்கொள்ளும், படிப்பு, ஹாஸ்டல், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு, பிறகு நல்ல காலேஜ் என்று சொன்னார்கள். உன் எதிர்காலம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அதில் உன் எதிர்காலம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட, அந்தச் செய்தியை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சொல்லப்போகிற ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்த்தேன்.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து லுங்கி மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "இன்னாயா நீ, பொண்ணு எடது கையால தலை வாரிக்கினு இருக்கா. உனுக்குக் கண்ணு தெரியலையா? டாக்டராண்ட கூட்டினு போ" என்றாள். நான், "உனுக்கு ஆட்டத்தைப் பத்தி இன்னா தெரியும்? வளர்ற புள்ளைக்கு வலி வரத்தான் செய்யும்" என்றேன். "ஆட்டத்தைப் பத்தி எனுக்கு ஒண்ணும் தெரியாது. கையைப் பத்தித் தெரியும்" என்றாள். அதற்கு நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கியது போதாதா? அதற்குப் பிறகு, நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உனக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாசனை எனக்கு அடிக்கும். அடித்தாலும் எனக்குத் தெரியாததுபோல இருந்தேன்.

நீயும் மாறிவிட்டாய். முதலில் வலிக்குது என்றாய். பிறகு கொஞ்சம் வலிக்குது என்றாய். நான் உன்னிடம் எப்படிக் கேட்பேன் தெரியுமா? "வலி போயிடுச்சு இல்ல?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் ஒரு பிள்ளை என்ன பதில் சொல்லும்? "போயிடுச்சு நைனா" என்றாய். எட்டு மாசம் இப்படிப் போனது. மட்டையில் ஒரு ரப்பர் பேண்டு மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. கழுத்துக்குப் பக்கத்தில் இடம் போதாமல், மேலே குறுக்கு நரம்புகளுக்கு ஊடாகவும் கட்ட ஆரம்பித்தேன்.

சென்னைக்கு நாம் இருவரும் காலை மின்சார ரயிலில் போனோம். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மட்டையை இடது கையால் அணைத்துப் பிடித்திருந்தாய். வலது கையை மடியில் வைத்திருந்தாய், யாரோ பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல. முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டாய். அடுத்தது ஜெயித்தால் அந்தப் பள்ளியில் இடம். ஆட்டம் தொடங்கி ஏழெட்டு நிமிஷத்தில் எதிரே ஆடிய பெண் உன் மட்டையைக் காட்டி அம்பயரிடம் ஏதோ சொன்னாள். அவர் இறங்கி வந்து பார்த்தார். "ரப்பர் பேண்டு கட்டலாம்மா, தப்பில்ல. ஆனா கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழதான் இருக்கணும். மேல இருக்கறதை எடுத்துடு" என்றார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்.

நான் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினேன். "ஏழை ஊட்டுப் புள்ளைன்னா ரப்பர் பேண்டுகூடக் கட்டக் கூடாதா சார்? எங்க எழுதி வச்சிருக்கு, காட்டுங்க!" என்றேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் செல்போனை எடுத்தார்கள். "சார், ரூல் அது. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் அவர். நான் நிறுத்தவில்லை. கும்மிடிப்பூண்டிக்காரன் என்றால் இளக்காரமா என்றெல்லாம் பேசினேன். ஊர் அங்கே எதற்கு வந்தது? நீ வேலிப் பக்கம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "நைனா, உக்காரு நைனா. நான் எடுத்துடறேன்" என்றாய்.

மட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு நீ எடுக்கப் பார்த்தாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். உன் வலது கை விரல்களால் அந்த ரப்பர் பேண்டைப் பிடித்து இழுக்க முடியவில்லை. ஒரு ரப்பர் பேண்டை, பாப்பா. விரல் நழுவி நழுவிப் போனது. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து அறுத்தாய். ஒவ்வொன்றாக அறுத்துத் துப்பினாய். அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் உன் பேரைச் சொல்லி, போதும் வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். நீ வந்திருப்பாய். அதற்காகத்தான் அங்கே நின்றாயோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் சொன்னது வேறு. "ரெண்டே செட்டுதான். பல்லைக் கடிச்சுக்கினு ஆடிடு" என்றேன்.

நீ போய் ஆடினாய். இரண்டாவது செட்டில் சர்வீஸ் போடக் கையைத் தூக்கியபோது மட்டை கையிலிருந்து விழுந்து சிமென்ட்டில் உருண்டது. நீ அழவில்லை. போய் இடது கையால் எடுத்தாய். மீதி ஆட்டம் முழுவதும் இடது கையால் ஆடினாய். ஒரு பந்துகூட வலையைத் தாண்டவில்லை. எதிரே ஆடிய பெண் பாதியில் உன்னிடம் வந்து ஏதோ கேட்டாள், நீ தலையாட்டி மறுத்தாய். முடிந்ததும் இடது கையால் அவளுக்குக் கை கொடுத்தாய், அம்பயருக்கும் கொடுத்தாய். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் மில்லில், "அம்பயர் வேணும்னே பண்ணிட்டான்பா. பொண்ணு ஜெயிச்சிக்கினு இருந்தா, ரப்பர் பேண்டை எடுக்கச் சொல்லி ஆட்டத்தைக் கலைச்சுட்டான். பெரிய எடத்துப் பொண்ணு எதிர்ல ஆடுச்சு, அதான்" என்றேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பேர் ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்தார்கள். அவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தபோது நீ டீ கொண்டுவந்தாய். கேட்டுவிட்டாய் என்று உன் முகத்தில் தெரிந்தது. டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அந்தப் பொய் மில் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இத்தனை வருஷமாக உயிரோடு இருந்தது. நான் ரிட்டயர் ஆன பிறகும் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்வார்கள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

அந்த வாரமே உன் அம்மா என்னைக் கேட்காமல் உன்னைக் கிளப்பிவிட்டாள். திருவள்ளூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். வெட்கம் கெட்டு நானும் கூட வந்தேன். அவர், "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டார். உன் அம்மா வெளியே டோக்கன் வரிசையில் நின்றிருந்தாள். நீ என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு வாரமா சார். மேட்ச்ல மாட்டிக்கிச்சு" என்றாய். எட்டு மாசம் என்று சொல்ல என்னிடம் நாக்கு இருந்தது. சொல்லவில்லை. ஒரு வார வலிக்கு என்ன மருந்தோ அதைத்தான் அவர் கொடுத்தார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மாத்திரையிலும் கட்டுப்போடுவதிலும் மேலும் மூன்று மாசம் போனது. கை நீளாமல் மடங்கியே நின்ற பிறகுதான் சென்னைக்குப் போனோம். முட்டிக்குள்ளே எலும்பில் ஒரு சிறு துண்டு பெயர்ந்து சிக்கியிருக்கிறது, முன்னாலேயே ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் தானாகவே ஆறியிருக்கும் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கை கொஞ்சம் நீண்டது, முழுசாக நீளவில்லை. உனக்குப் பதினாறு வயது. என்னைக் காப்பாற்ற நீ சொன்ன முதல் பொய், திருவள்ளூர் டாக்டரிடம் சொன்ன அந்த 'ஒரு வாரம்'தான். போன ஞாயிற்றுக்கிழமை சொன்னது எத்தனையாவதோ, எனக்குத் தெரியாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை நான் பிரபுவைப் பார்க்க ஊத்துக்கோட்டைக்குப் போனேன். உன் அம்மாவிடம் கல்யாணப் பத்திரிகை விஷயமாக என்று சொன்னேன். பெரியபாளையத்தில் பஸ் மாறினேன். அன்றுதான் ஆடி பிறந்திருந்தது, கோயில் கூட்டம், நிற்க இடமில்லை, வேப்பிலையும் மஞ்சளுமாக ஒரே நெரிசல். யாரோ ஓர் அம்மா எழுந்து, வயசானவரு உக்காருங்க என்று இடம் கொடுத்தார். உட்கார மனசு வரவில்லை, நின்றுகொண்டே போனேன். பிரபு தன் உரக்கடையில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "இன்னா மாமா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே சொன்னேன். மாடிப்படி இல்லை, ரப்பர் பேண்டு என்றேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஏதேதோ சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாமா, எனக்குத் தெரியும். பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே நந்தினி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றார். நான், "எல்லாத்தையும்னா?" என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான் மாமா. சென்னை மேட்ச், டாக்டருகிட்ட சொன்னது, எல்லாம். எங்க நைனா ஏதாவது சொல்லி மழுப்புவாரு, அப்ப நீங்க குறுக்க எதுவும் கேட்டுக்காதீங்க, அவரு மொகம் செத்துப் பூடும்னு சொன்னாங்க. அதான் அன்னிக்கு நான் பேசாம இருந்தேன்" என்றார். பக்கத்தில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு பெண் முதன்முதலில் பேசுகிற பேச்சு எத்தனை இருக்கும். நீ அதில் என் முகத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறாய்.

பிறகு பிரபு இன்னொன்று சொன்னார். "அவங்களுக்கு இப்பவும் வலி இருக்கு, தெரியுமா மாமா? லேப்ல காலையிலருந்து ரத்தம் எடுத்துக்கினு இருந்தா, சாயங்காலம் அந்தக் கையால போனைக்கூடப் புடிக்க முடியாதாம்." எனக்குத் தெரியாது. லேப் வேலைக்குப் போன பிறகும் வாராவாரம் வந்து போகிறாய், இந்தப் பத்து வருஷத்தில் வலி இருக்கா என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாமே. இந்த ஊர் மொத்தத்தின் மோட்டாரையும் காதை வைத்துக் கேட்கத் தெரிந்தவனுக்கு இது கேட்கவில்லை.

சம்பந்தியம்மா கடையை ஒட்டிய வீட்டுக்குள் இருந்தார். அவரிடமும் சொல்ல வேண்டும் என்றேன். பிரபு வேண்டாம் மாமா என்றார். நான் போனேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. பிறகு, "நான் குறை கண்டுபிடிக்கக் கேக்கல சம்பந்தி. தெரியாம கனமான வேலை ஏதாவது குடுத்துடப் போறோமேன்னுதான் கேட்டேன்" என்றார். முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "பாவம், அந்தப் புள்ளை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சேர வேண்டியது அதுதான். மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்கு வராமல் டீக்கடைக்குப் போனேன். பழைய ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். அம்பயர் தப்பே பண்ணவில்லை, அன்றைக்குத் தப்புப் பண்ணியவன் நான் ஒருவன்தான், இனிமேல் அந்தக் கதையை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றேன். ஒருவன், "வுடுய்யா, அது ஆச்சு பத்து வருஷம். பொண்ணுக்குக் கல்யாணம், இப்ப இன்னாத்துக்கு?" என்றான். என்னோடு முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த இன்னொருவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுடைய மகளுக்கும் உன் வயதுதான்.

உனக்குப் புத்தி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அப்பா சொல்ல வேண்டியது என்று மனசில் ஒரு பட்டியல்கூட வைத்திருந்தேன். மாமியாரிடம் பணிந்து போ, விட்டுக்கொடுத்துப் போ, எதையும் பெரிசு பண்ணாதே என்று. எழுத உட்கார்ந்ததும் அதையெல்லாம் அடித்துவிட்டேன். விட்டுக்கொடுப்பதை நீ என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, தேவைக்கு மேலேயே பழகிவிட்டாய், அதற்கு நானே காரணம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் உனக்கு எது வலித்தாலும் முதல் நாளே சொல். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வலிக்குது என்று சொன்னால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அதன் முகத்தைப் பார். என்ன மருந்து, யாரிடம் போவது என்பதெல்லாம் அப்புறம். நீ சொன்ன அன்று நான் தலையை நிமிர்த்தியிருந்தால்கூடப் போதும், உன் முகத்திலேயே எல்லாம் இருந்திருக்கும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்துவிட்டேன். மன்னிக்கச் சொன்னால் உடனே மன்னித்துவிடுவாய், பரவாயில்ல நைனா என்பாய். இன்னொரு முறை உன் வாயிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். கல்யாணத்தன்று என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே. யாராவது கேட்டால் காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை உன் கையைக் காட்டச் சென்னையில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகப் பிரபு சொன்னார். நீங்கள் இருவரும் போகிறீர்களாம். நானும் வருகிறேன். இப்படி எழுதிவிட்டுத்தான் கவனிக்கிறேன், மறுபடியும் உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியட்டும். இப்போது சரியாகக் கேட்கிறேன். நான் வரட்டுமா, பாப்பா? யோசித்துவிட்டுச் சொல். வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம் நைனா என்று இரண்டே வார்த்தையில் சொல். ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் நைனா